வட்டும் வாசிப்புத்தலையும்: அப்பிள் டிஸ்க் 2 செலுத்தி பற்றிய ஒரு நோக்கு

ஓலைச்சுவடியை வாசிக்க விரும்புபவனுக்குக் கண்ணொளியும் எழுத்துப் பயிற்சியும் போதும். சுவடிக்கும் அவனுக்கும் இடையே பொறி எதுவும் நிற்பதில்லை. நெகிழ்வட்டின் நிலை வேறு. அதன்மேற் பதிந்துள்ளவை கண்ணுக்குப் புலனாகா. உரிய செலுத்தி செவ்வனே இயங்கினாலன்றி, வட்டுப் பழுதுறாதிருந்தும் அதிலுள்ளது இல்லாததற்கு ஒப்பாகும். ஆகவே, பழைய செலுத்திகளைத் துப்புரவு செய்து இயங்கவைப்பதைப் பொழுதுபோக்காளரின் கைவேலையென வரலாற்று மாணவர் ஒதுக்கிவிட இயலாது. அப்பிள் நிறுவனத்தின் டிஸ்க் 2 என்னும் செலுத்தி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நெகிழ்வட்டு ஐ.பி.எம். நிறுவனத்திற் பிறந்தது. 1971 இல் வெளிவந்த 8 அங்குல வட்டு, பெருங்கணனிகளுக்கு வேண்டிய உட்கட்டளைகளை ஏற்றுவதற்கே முதலிற் பயன்பட்டது; பயன்படுத்துவோர் அதில் எதனையும் எழுத இயலாது. 1976 இல் சுகாட் அசோசியேற்ஸ் நிறுவனம் 5¼ அங்குல வட்டுக்கான செலுத்தியை வெளியிட்டது. அக்காலத்தில் சிறு கணனி வைத்திருந்தோர் பலர் தம் நிரல்களை ஒலிப்பதிவு நாடாவிற் சேமித்து, அவற்றை மீள ஏற்றுவதற்குள் பொறுமையிழந்தனர். 1977 இன் இறுதியில் ஸ்ரீவ் வொஸ்னியாக் இக்குறையை நீக்க முனைந்தார். சுகாட்டின் பொறியமைப்பைப் பெற்று, அதன் மின்னணுச் சுற்றுக்களிற் பெரும்பகுதியை நீக்கி, அவை செய்த வேலையை நிரலிடமும் எட்டுச் சில்லுகள் கொண்ட ஒரு பலகையிடமும் ஒப்படைத்தார். 1978 இல் விற்பனைக்கு வந்த இச்செலுத்தியின் வட்டு 35 தடங்களில் ஏறத்தாழ 113 கிலோபைற்றுக்களைத் தாங்கியது. 1980 இல் இக்கொள்ளளவு 140 ஆக உயர்ந்தது.

இச்சிக்கனம் இன்று செப்பனிடுவோனுக்கு நன்மையும் தீமையுமாயிற்று. சுற்றுக்கள் குறைவாதலின் பழுதுறக்கூடியனவும் குறைவு. ஆயின், வாசிப்புத்தலை முதலாம் தடத்தை அடைந்துவிட்டதா என அறியும் உணரி இதில் இல்லை. ஆகையால், கணனி தொடங்கும்போது தலை எங்கிருப்பினும் அதனை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே போகின்றது. தலையும் தடுப்பில் மோதி மோதிக் கடகடவென ஒலிக்கின்றது. இவ்வொலி கேட்டு அஞ்சவேண்டியதில்லை. அஞ்சத்தக்கது இணைப்பு வடமே. அதன் 20 துளை முனையை ஒரு வரிசை விலகப் பொருத்திவிட்டால், செலுத்தியிலுள்ள 74எல்எஸ்125 என்னும் சில்லு எரிந்துபோகும். பிழையாகச் செருகுவதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் அங்கில்லை. சிக்கனம் அவ்வளவு தூரம் சென்றிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

துப்புரவுப் பணி தலையிலிருந்து தொடங்கும். தலை வட்டின் கீழ்ப்புறத்தில் உள்ளது. மேலிருந்து ஒரு சிறு கம்பளித் திண்டு வட்டினை அதன்மீது அழுத்துகின்றது. செறிவு மிக்க ஐசோபுறொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், திண்டு தாங்கும் கையை வளைக்காமல், தலையை மெல்லத் துடைத்தல் வேண்டும். தேய்ந்த திண்டினை மாற்றுவதே நன்று. தலை ஊர்ந்து செல்லும் தண்டுகளிற் பழைய எண்ணெய் தூசியோடு கலந்து பிசினாய் இறுகியிருக்கும். அதனை முற்றாக அகற்றியபின் புதிய எண்ணெயை மிக மெல்லிதாகவே இடல் வேண்டும். அடுத்தது வேகம். வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழலவேண்டும். செலுத்தியின் அடிப்புறத்துச் சில்லில் 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் மின்னோட்டங்களுக்கென வரிவளையங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பழைய குழல்விளக்கின் ஒளியில் உரிய வளையம் அசையாது நிற்பதுபோலத் தோன்றும்வரை மாறுந்தடையைத் திருப்பிச் சரிசெய்வர்.

இத்தனைக்கும் பின்னரும் அரிய வட்டினை உடனே இடலாகாது. முதலில் இழந்தாலும் கவலையில்லாத வட்டொன்றை இட்டுப் பார்த்து, தலையை மீண்டும் சோதித்தல் வேண்டும். காலம் செல்ல, வட்டிலுள்ள இரும்பு ஒட்சைட்டைப் பிணைக்கும் பசை தளர்ந்து, துகள்கள் தலையில் ஒட்டுகின்றன. அவ்வாறு ஒட்டிய சிறு துகள், அடுத்து வரும் வட்டினை நொடிக்கு ஐந்து முறை ஒரே இடத்தில் உரசும். அத்தடத்தில் இருந்ததை எந்நிபுணராலும் மீட்க இயலாது. சான்றினை வாசிக்கும் செயலே சான்றினை அழிக்கும் செயலாகிவிடும் இவ்வாபத்து, ஏட்டாய்வாளர் அறிந்த ஆபத்துக்களிலும் கொடிது.

இழக்கப்படக்கூடியது யாது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1989 இல் அப்பிள் 2 கணனிக்கென வெளிவந்த ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’ விளையாட்டின் மூலநிரல் தொலைந்துவிட்டதென்றே அதனை ஆக்கிய ஜோர்டன் மெக்னர் எண்ணியிருந்தார். 2012 இல் அவர் தந்தையார் 3½ அங்குல வட்டுக்கள் அடங்கிய பெட்டியொன்றைக் கண்டெடுத்தார். பழைய கணனிகளை நன்கறிந்தோர் அவ்வாண்டே கூடி, அக்காலப் பொறிகளைக் கொண்டே அவற்றை வாசித்தனர். மூலநிரல் பின்னர் யாவர்க்கும் வெளியிடப்பட்டது.

பழைய பொறியைத் தொடாது கண்ணாடிப் பேழையில் வைத்தலே பேணுதல் என்பாரும் உளர். திண்டையும் எண்ணெயையும் மாற்றினால் மூலப்பொருளின் தூய்மை கெடும் என்பது அவர் வாதம். செலுத்தி கருவி, வட்டே ஆவணம் எனக் கொள்வோமாயின் அவ்வாதம் வலுவிழக்கும். அப்பிள்சோஸ் போன்ற இக்காலக் கருவிகள் காந்தப்பதிவின் மாற்றங்களை நேரே படியெடுக்க வல்லன. ஆயினும் அவற்றுக்கும் பழைய செலுத்தியின் மோட்டரும் தலையுமே வேண்டியுள்ளன. டிஸ்க் 2 இன் தலை ஒன்று பழுதுறின், அதற்கு மாற்று இன்னொரு பழைய செலுத்தியைக் கழற்றியே பெறப்படுகின்றது.