கூனி (மந்தரை)

கூனி: இராமாயணத்தில் கைகேயியின் பணிப்பெண், இயற்பெயர் மந்தரை. இராமனின் முடிசூட்டு விழா நின்றுபோகக் காரணமானவள். உடற்குறையைத் தீய மனத்தின் அடையாளமாகக் காட்டும் காப்பிய, நாடக மரபுக்குத் தமிழில் தக்க சான்று.

தொடக்கம்: வான்மீகத்தில் அவளுக்கு இராமன்மேல் முன்பகை கூறப்படவில்லை. மனம் மாறிய கைகேயி, அவளது முதுகின் கூனையே அறிவின் இருப்பிடம் எனப் புகழ்ந்து, அதற்குப் பொன்மாலை சூட்டுவதாகச் சொல்கிறாள். மகாபாரதம் அவளைத் துந்துபி என்னும் கந்தருவப் பெண்ணின் பிறப்பு என்கிறது.

தமிழ் மரபு: தமிழில் பகைக்குக் காரணம் உண்டு. சிறுவன் இராமன் அவள் கூன்மீது உண்டைவில்லால் அடித்தான் என்னும் செய்தி திருமழிசையாழ்வாரின் திருச்சந்தவிருத்தத்தில் வருகிறது. நம்மாழ்வாரும் கூனில் உண்டை தெறித்ததைப் பாடுகிறார். ஆனால் கோவிந்தனை விளித்துப் பாடுவதால், அது இராமன் செயலா கண்ணன் செயலா என்பதில் உரைகாரர் ஒருமுகமாக இல்லை.

கம்பர் (12ஆம் நூற்றாண்டு என்பது பெருவழக்கு, 9ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர்) அவள் வருகையை இராவணனின் தீமைக்கே ஒப்பிடுகிறார். ஆயினும் அயோத்தி விழாக்கோலம் பூண்ட வேளையில் பழைய உண்டையடியை அவள் நினைப்பதையும் விடாமல் காட்டுகிறார். கிட்கிந்தா காண்டத்தில் இராமனே சுக்கிரீவனிடம், எளியவர் என்று எவரையும் இகழ்ந்து துன்புறுத்தாதே, அப்படிச் செய்ததால்தான் கூனியால் துயரக்கடலில் விழுந்தேன் என்கிறான். அடிபட்டவளின் நியாயத்தை அடித்தவன் வாயாலேயே சொல்லவைத்த இடம் இது.

மேடை: கம்பரைத் தழுவிய அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனை இக்கதையை இசை நாடகமாக்கியது.

உளப்பகுப்பாய்வு: சிக்மண்ட் பிராய்டு 1916இல் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் கூனனாக வரும் மன்னன் மூன்றாம் ரிச்சர்டை ஆராய்ந்தார். இயற்கை தனக்கு அநீதி செய்ததால் அறம் தன்னைக் கட்டுப்படுத்தாது என எண்ணுபவன் அவன்; அந்த மனக்குறை நம் எல்லோர் உள்ளத்திலும் சிறிதளவேனும் உண்டு என்பது பிராய்டின் கருத்து. ஆல்பிரட் ஆட்லர் 1907இலேயே உறுப்புக் குறையையும் அதை ஈடுசெய்யும் முயற்சியையும் பற்றி எழுதியிருந்தார். கூனிக்கு இவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. கம்பர் காட்டும் அவளது வன்மத்துக்குக் காரணம் பிறவிக் குறையன்று, பிறர் இழைத்த அவமதிப்பு.

அண்மைக்காலம்: 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் கிடைத்த, வரலாற்று மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டில் பக்கவாட்டு முதுகெலும்பு வளைவு இருந்தது, நாடகம் சொல்லும் சூம்பிய கை இல்லை. திரையில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நெறிமுறைகள் வகுத்தது.