மாதிரி விமானமும் அதன் ஏவலாளனும்

வானில் வட்டமிடும் மாதிரி விமானமொன்றைத் தரையில் நிற்பவர், தம் கைப்பெட்டியிலுள்ள சிறு தண்டை அசைத்து நினைத்த திசையிலெல்லாம் திருப்புகின்றார். காண்போர் வானொலி அலையின் வல்லமையை வியப்பர். ஆனால், அலை கட்டளையைக் கொண்டு செல்லுமேயன்றி, சுக்கானைத் தள்ளும் வலிமை அதற்கில்லை. அவ்வேலையைச் செய்வது விமானத்தின் வயிற்றுள் அடங்கியிருக்கும் ஒரு சிறு பொறி. சேர்வோ என்பது அதன் பெயர். அடிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. அந்த அடிமை தக்க ஏவலாளனாக வளர்ந்த கதை சுவையானது.

கதை தொடங்குவது வானிலன்று, கடலில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் பெருத்தன. அவற்றின் சுக்கானைத் திருப்ப மாலுமிகளின் தோள்வலிமை போதவில்லை. பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் பார்க்கோ என்பார், நீராவியையே அவ்வேலைக்கு ஏவும் முறையை விளக்கி 1873 இல் நூலொன்று வெளியிட்டார். மாலுமி சக்கரத்தைச் சிறிது திருப்பினால் நீராவி சுக்கானைத் தள்ளும். வேண்டிய கோணத்தை அடைந்ததும் சுக்கானின் அசைவே நீராவியின் வழியை அடைத்துவிடும். செய்த வேலையைத் தானே அளந்து, போதுமென நிறுத்திக்கொள்ளும் இப்பண்பே சேர்வோவின் உயிர்நாடி.

1898 இல் நிக்கலா தெஸ்லா, நியூயோர்க் நகரில் சிறு படகொன்றைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். ஆனால், பறக்கும் மாதிரிக்கு அத்தகைய கருவிகளை ஏற்றுவது எளிதன்று; அங்கே ஒவ்வொரு கிராம் எடைக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ‘கவ்’ என்னும் மாதிரியை 1937 இல் பறக்கவிட்டனர். சிறகின் நீளம் 8 அடி. மறு ஆண்டு தேசியப் போட்டியில் அது முதலிடம் பெற்றது. 1960 இல் சுமித்சோனியன் நிறுவனத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது.

அக்கால மாதிரிகளின் சுக்கானை அசைத்தது மின்மோட்டார் அன்று. முறுக்கிவிடப்பட்ட இறப்பர் நாடா! வானொலிச் சமிக்ஞை வந்ததும் கொக்கியொன்று விலகும். நாடாவின் முறுக்கு ஒரு படி அவிழும். சுக்கான் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும். சமிக்ஞை நின்றால் நடுநிலைக்கு மீளும். அடுத்த சமிக்ஞைக்கு மறுபக்கம் திரும்பும். சிறிதளவு திருப்பு என்று கட்டளையிட வழியே இல்லை. முன்னர் திரும்பியது இடமா வலமா என்பதை மறந்தவரின் விமானம் மரத்தில் மோதும். முறுக்கு முழுதும் தீர்ந்துவிட்டால் கட்டளை கேட்க ஆளே இல்லை. சொன்னதைச் செய்யும், ஆனால் எவ்வளவு செய்தோமென அறியாத ஏவலாளன் அது.

1947 இல் பிறந்த திரான்சிற்றர் கருவிகளின் எடையைக் குறைத்தது. 1960களில் அமெரிக்கரான டக் ஸ்பிரெங், டொன் மதர்ஸ் ஆகியோர், துடிப்பின் நீளத்தாலேயே கட்டளையின் அளவை உணர்த்தும் முறையை மாதிரி விமானங்களுக்குக் கொண்டுவந்தனர். துடிப்பு 1.5 மில்லிசெக்கன் நீடித்தால் நடுநிலை; 1 மில்லிசெக்கனாகக் குறைந்தால் ஒரு பக்கம்; 2 ஆக நீண்டால் மறுபக்கம். இடைப்பட்ட அளவுகளுக்கு இடைப்பட்ட கோணங்கள். சேர்வோவின் அச்சிற் பொருந்திய மாறுதடை, தான் நிற்கும் இடத்தைச் சொல்லும். கட்டளைக்கும் அவ்விடத்துக்கும் வேறுபாடு உள்ளவரை மோட்டார் சுழலும். வேறுபாடு தீர்ந்ததும் நிற்கும். கப்பலில் பிறந்த பண்பு உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

ஏவலாளன் கிடைத்த பின் எழுந்த கேள்வி, எவனைத் தெரிவது என்பதாகும். இன்று 9 கிராம் எடையுள்ள சேர்வோவும் உண்டு. 40 கிராம் அளவுள்ளதும் உண்டு. அதனிலும் பெரியனவும் உண்டு. அவற்றின் முறுக்குவலு கிலோகிராம்-சென்ரிமீற்றர் என்னும் அளவாற் குறிக்கப்படும். 3 என்றால், அச்சிலிருந்து 1 சென்ரிமீற்றர் தள்ளி 3 கிலோகிராமைத் தாங்கும் என்பது பொருள். விமானத்தின் வேகம் இருமடங்கானால் சுக்கானை அழுத்தும் காற்றின் விசை நான்மடங்காகும். வேகமாகப் பாயும் விமானத்தில் வலுவற்ற சேர்வோவை வைத்தால், கீழ்நோக்கிப் பாய்ந்தது மீண்டும் நிமிராது. அதற்கு அஞ்சி மிகப் பெரியதை வாலருகே பொருத்தினால் வால் கனக்கும். அதை ஈடுசெய்ய மூக்கில் ஈயம் வைக்க நேரும். மின்கலமும் விரைவில் வற்றும். நைலோன் பற்சக்கரம் இலேசானது, ஆனால் மோதலிற் பல் உடையும். உலோகப் பற்சக்கரம் உறுதியானது, ஆனால் கனக்கும். பற்களிடையே தளர்வு மிகுந்தால் சுக்கான் காற்றில் படபடத்துப் பிய்ந்துபோகவும் கூடும். வேலைக்கேற்ற வலுவும், அதற்கு மேற்படாத எடையுமே நல்ல தெரிவு.

இத்தெரிவின் அருமையை 2003 ஆகஸ்டில் உலகம் கண்டது. 77 வயதினரும் பார்வை பெரிதும் குன்றியவருமான மேனாட் ஹில் என்ற அமெரிக்கர் அமைத்த மாதிரி விமானம், கனடாவின் நியூபவுண்லாந்திலிருந்து புறப்பட்டு, அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைத் தாண்டி, 38 மணி 52 நிமிடங்களின் பின் அயர்லாந்துக் கரையில் இறங்கியது. எரிபொருளுடன் சேர்ந்தும் அதன் எடை 5 கிலோகிராமுக்கு உட்பட்டதே. முன்னைய முயற்சிகளில் அவருடைய விமானங்கள் கடலில் மறைந்திருந்தன. இம்முறை நடுக்கடலில் வழிகாட்டியது தன்னியக்கக் கருவி. அதன் சொற்படி இரவும் பகலும் சுக்கானைத் திருத்தியவை சின்னஞ்சிறு சேர்வோக்கள்.

இறப்பர் நாடாவும் ஏவலைக் கேட்டது. சேர்வோவும் ஏவலைக் கேட்கின்றது. தன் வேலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் ஒன்றையே நெடுந்தூரப் பயணத்துக்கு நம்பி அனுப்ப முடிந்தது.