தண்டனை இல்லாத காதல்

1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட காதல் நாவல்களில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எல்லை தாண்டிய பெண் அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். ஆன் ஹெட்டின் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் போ ஜோ ஜோன்ஸ்’ (1967) நாவலில் கர்ப்பம், அவசரக் கல்யாணம். பால் ஸிண்டலின் ‘மை டார்லிங், மை ஹாம்பர்கர்’ (1969) நாவலில் கருக்கலைப்பு. இந்த மாதிரிக் கதைகளைப் படித்து அலுத்துப்போன ராண்டி என்ற சிறுமி, காதலித்த இரண்டு நல்ல பிள்ளைகளில் ஒருவரும் சாகாத கதை வேண்டுமென்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா, எழுத்தாளர் ஜூடி ப்ளூம். மகளுக்குக் கொடுத்த வாக்குதான் 1975இல் ‘ஃபாரெவர்’ நாவலாக வெளிவந்தது.

புறப்பட்ட இடத்திலேயே அதற்குச் சிக்கல். பதிப்பித்த பிராட்பரி பிரஸ், இதை ஜூடி ப்ளூமின் முதல் ‘பெரியவர்களுக்கான’ நாவல் என்று விளம்பரம் செய்தது. ப்ளூமுக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. யாருக்காக எழுதினாரோ அவர்கள் கைக்குப் புத்தகம் போய்ச் சேரக் கூடாதென்று எழுப்பிய வேலி அது. வேலி நிற்கவில்லை. ப்ளூமின் மற்றப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த பெண்கள் இதையும் தேடிப் பிடித்தார்கள். வகுப்பில் ஒரு பிரதி கைமாறிக் கைமாறி முதுகு கிழிந்தது. ‘அந்தப் பக்கங்களை’ தேடித்தான் பலரும் பிரித்திருப்பார்கள், சந்தேகமில்லை.

ஆனால் கதையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. நியூஜெர்சி மாநிலம் வெஸ்ட்ஃபீல்டு. பள்ளி இறுதியாண்டு மாணவி கேத்தரின், ஒரு புத்தாண்டு விருந்தில் மைக்கேலைப் பார்க்கிறாள். அவனுக்கு எல்லாவற்றிலும் அவசரம். தோழி எரிகாவோ, இதில் காதலுக்கு என்ன வேலை, உடம்பு சம்பந்தப்பட்டதுதானே என்கிறாள். இரண்டு பக்கமும் இழுபடும் கேத்தரின், தன் மனம் எப்போது தயாராகிறதோ அப்போதுதான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். வழக்கறிஞரான பாட்டி குடும்பக் கட்டுப்பாடு பற்றிய துண்டுப் பிரசுரங்களைப் பேத்திக்குத் தபாலில் அனுப்புகிறாள். கேத்தரின் நியூயார்க் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, மாத்திரை வாங்கி வருகிறாள். மணமாகாதவர்களும் கருத்தடைச் சாதனம் பெறலாமென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. சுகாதாரப் பாடம் போல வறட்சியாக எழுதப்பட்ட பகுதி அது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மைக்கேல் ஒரு சங்கிலி பரிசளிக்கிறான். அதில் தொங்கும் வெள்ளி வில்லையின் ஒரு புறம் அவள் பெயர். மறுபுறம், ‘என்றென்றும்’ என்று அவனுடைய உறுதிமொழி. அந்தக் கோடையிலேயே, முகாம் வேலைக்குப் போன இடத்தில் வேறொருவன்மேல் அவள் மனம் சாய்கிறது. அவ்வளவுதான். அவளுக்கு நோய் வரவில்லை, வயிற்றில் பிள்ளை இல்லை, ஊர் தூற்றவில்லை. மனம் மாறியது, மாறியதை அவனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நடை சாதாரணம், வர்ணனை குறைவு. என்றாலும் இப்படி முடிக்க அன்று துணிச்சல் வேண்டும். புத்தகத்தை எதிர்த்தவர்கள் படுக்கையறைக் காட்சிகளைச் சுட்டினார்கள். அவர்களை உண்மையில் உறுத்தியது தண்டனை இல்லாத அந்த முடிவு என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்பு 1980களில் வலுத்தது. 1990களில் அமெரிக்காவில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் ‘ஃபாரெவர்’ ஏழாவது. அதே பத்தாண்டில், 1996இல், இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது ப்ளூமுக்குக் கிடைத்தது, இந்த நாவலுக்காகத்தான். எய்ட்ஸ் வந்தபின் கர்ப்பத்தைத் தடுத்தால் மட்டும் போதாது, நோயையும் தடுக்க வேண்டும் என்று பிந்தைய பதிப்புகளில் ப்ளூம் குறிப்பு சேர்த்தார். கதையைத் திருத்தவில்லை. சரியான முடிவு.

2025 மே மாதம் மாரா பிராக் அகில் உருவாக்கிய நெட்ஃபிளிக்ஸ் தொடராக இந்த நாவல் மறுபிறவி எடுத்தது. இப்போது களம் 2018இன் லாஸ் ஏஞ்சலஸ். காதலர்கள் கீஷா, ஜஸ்டின் என்ற கறுப்பினப் பிள்ளைகள். நாவலில் வரும் தோழி எரிகாவின் பேச்சைவிடப் பலமடங்கு கொடியதாகிறது, கைப்பேசியில் பரவிவிட்ட ஒரு காணொளி. 1975இல் பெண்ணைச் சுற்றி நின்ற கவலை, இங்கே கறுப்பினப் பையனின் பாதுகாப்பையும் சுற்றி நிற்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஆகஸ்டில், யூட்டா மாநிலம் அரசுப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் பதின்மூன்று புத்தகங்களை நீக்க உத்தரவிட்டது. சில பள்ளி மாவட்டங்கள் நீக்கினாலே மாநிலம் முழுக்க நீக்க வேண்டும் என்பது அங்கே அப்போது புதிய சட்டம். அந்தப் பதின்மூன்றில் ஒன்று, மகளுக்குக் கொடுத்த வாக்குக்காக எழுதிய இந்த நாவல்.