அரைக்கூலியும் வருகைப் பதிவேடும்: தமிழகப் பேரிடர் நிவாரணத்தில் சிறுவர்கள்

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சென்னை மாகாண அரசு நடத்திய நிவாரண வேலைகளில் பிள்ளைகளும் மண் சுமந்தார்கள். ஒளிவுமறைவாக அல்ல, அவர்களுக்கென்றே குறைந்த கூலி விகிதம் இருந்தது. 1877 ஜனவரியில் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியை வெட்டியபோது, மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அந்த வாக்குவாதம் உழைக்கிற உடம்புக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்பதைச் சுற்றியே நடந்தது; பிள்ளை உழைக்கலாமா என்பதைச் சுற்றி அல்ல. பின்னால் வந்த பஞ்சகால விதித் தொகுப்புகளும் 'வேலை செய்யும் பிள்ளை'யை ஒரு தனி வகையாகவே வைத்துக்கொண்டன. நிவாரணம் என்றால் வேலை. வேலைக்கு ஏற்ற கூலி. பிள்ளைக்குக் குறைந்த கூலி.

முன்பு இந்த மாகாணத்தில் இருந்த தமிழகத்தின் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபின், நிவாரணம் பிள்ளையைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது?

சட்டத்திலிருந்து என்று சொல்லிவிடுவது எளிது. இந்தியாவில் குழந்தை உழைப்பு ஒழியாததற்கு வறுமையைவிட, கட்டாயக் கல்வியை அரசு கைவிட்டதே காரணம் என்று அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991இல் வாதிட்டார். வலுவான வாதம்தான். ஆனால் தமிழகத்தில் சட்டத்துக்கு முன்பே அகப்பை வந்துவிட்டது. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு சில ஆண்டுகளில் நின்றுபோனது. காமராஜர் ஆட்சியில் 1956இல் அது மாநிலம் தழுவியது. 1982இல் சத்துணவாக விரிந்தது. கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்ததோ 1994இல்தான். பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் ஒருவேளைச் சோறு நட்டம் என்ற கணக்கு அதற்குள் ஊரில் பழகிவிட்டிருந்தது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுனாமியில் இறந்தவர்கள் 6,065 பேர். அன்று ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறையும்கூட. பிள்ளைகள் கரையில் இருந்தார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் கருகியிருந்தார்கள்; பள்ளிக் கட்டடம் என்றாலே நெஞ்சு பதறிய காலம் அது. இருந்தும் ஜனவரியிலேயே பள்ளிகள் திறக்கத் தொடங்கின. பாடநூலும் சீருடையும் மறுபடி தரப்பட்டன. பெற்றோரை இழந்தவர்களை யாரும் தத்து என்ற பெயரில் கூட்டிக்கொண்டு போகக்கூடாதென்று அரசு தடுத்தது. நாகையில் அவர்களுக்கென அன்னை சத்யா காப்பகம் நடந்தது. ஆள்பிடிக்கிற தரகர்கள் உறவுக்காரர் வேஷத்தில் வருவார்கள் என்ற அச்சம் இந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்தது. சரியான அச்சம்.

ஆனால் மீனவக் குப்பத்துப் பிள்ளையின் வேலை பெரும்பாலும் தரகரின் வழியாக வருவதில்லை. விடியற்காலை படகு கரையேறுகிறது. வலையில் சிக்கிய மீனைச் செவுள் கிழியாமல் எடுக்கச் சின்ன விரல்கள் வசதி. கூடையை ஏலத்துக்குத் தூக்கிப் போனால் கையில் நாலைந்து மீன் கிடைக்கும். மணியடிக்கும்போது பையன் வகுப்பில் இருந்தாலும் இருப்பான். கைகளில் கவிச்சி போயிருக்காது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இதைத் தொடவில்லை. அது பட்டியலிட்ட தொழில்களை மட்டுமே தடுத்தது. குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது.

இங்கேதான் நிவாரணமே நிவாரணத்தைக் குடைந்தது. படகு அழிந்துபோன மாதங்களில் பையன்களுக்குக் கடலில் வேலை இல்லை, பள்ளிக்குப் போனார்கள். பிறகு நன்கொடைப் படகுகள் குவிந்தன. பல ஊர்களில் கண்ணாடியிழைப் படகுகள் முன்பிருந்ததைவிடப் பெருகின. பிறர் படகில் பங்குக்குப் போனவர்கள் படகுக்காரர்கள் ஆனார்கள். கடலுக்கு ஆள் போதவில்லை. எட்டாம் வகுப்புப் பையனின் தோள் அப்போது கண்ணில் பட்டிருக்கும் என்பது என் ஊகம். படகு கொடுத்தவர்கள் படகை எண்ணினார்கள். அதில் ஏறப்போவது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

பெண்பிள்ளைகள் கதை வேறு. நாகை மாவட்டத்தில் இறந்த பெரியவர்களில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883 என்றது அரசுக் கணக்கு. தாய் போன வீட்டில் அடுப்பும் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் மூத்த பெண்ணின் தலையில் விழும். அதை வேலை என்று யாரும் சொல்வதில்லை. பிறர் வீட்டில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதுகூட 2006 அக்டோபரில்தான் தடைசெய்யப்பட்டது. சொந்த வீட்டு அடுப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை உரிமையாக்கியது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழிலிலிருந்தும் விலக்கியது. பள்ளி நேரம் போக, விடுமுறையில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்றும் எழுதிவைத்தது. மறு ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138, 182ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்றது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று கணக்கெழுதினார்கள். அடுத்த மாதமே, கடனுக்கு ஈடாக ஆடு மேய்க்க விடப்பட்டிருந்த காவிரி டெல்டாச் சிறுவன் ஒருவன் மீட்கப்பட்டது செய்தியானது. புயலுக்குப் பின் அந்தப் பகுதியில் பல பள்ளிகள்தான் நிவாரண முகாம்கள். அங்கே மரத்தையும் ஓட்டையும் குறிக்கும் பதிவேடுகள் திறந்திருந்தன. வருகைப் பதிவேடு மேசைக்குள் கிடந்தது.