அழுக்கு மாட்டின் பதினேழு ஆண்டுகள்

2016 அக்டோபரில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கர்னலில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார். இருபது வரிகூட இல்லை. அதோடு அவர் எழுதி வைத்த குறிப்புதான் எனக்குத் திருத்தத்தைவிட முக்கியமாகப் படுகிறது. இது ரொம்பப் பழைய பிழை; பதினோரு வருடத்துக்கு முன்பு நானே இதைச் சரிசெய்யப் பார்த்தேன்; அதையும் மோசமாகச் செய்தேன்; பிறகு அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது. குறிப்பின் சாரம் இதுதான்.

எழுதியவர் 1991இல் லினக்ஸைத் தொடங்கியவர். இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் சர்வர்களும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் ஓடுவது அந்த கர்னலை வைத்துத்தான். கர்னல் என்பது கணினியின் மணியக்காரர் மாதிரி. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் எழுதலாம் என்று எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்கிறது. அங்கே ஓட்டை விழுந்தால் மற்ற எந்தப் பூட்டுக்கும் அர்த்தமில்லை.

இந்தப் பிழைக்கு உலகம் வைத்த பெயர் ‘டர்ட்டி கௌ’, அழுக்கு மாடு. கௌ என்பது ‘காப்பி ஆன் ரைட்’ என்பதன் சுருக்கம். எழுதும்போது மட்டும் நகலெடு என்று பொருள். ‘டர்ட்டி’ என்பதும் கர்னல்காரர்களின் வழக்குச் சொல்தான். நினைவகத்தின் ஒரு பக்கத்தில் யாராவது எழுதிவிட்டால் அது அழுக்கான பக்கம்.

ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூலப் பிரதியைப் பத்துப் பேர் படிக்கிறார்கள். படிக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. ஒருவர் ஓரத்தில் எதையாவது கிறுக்க ஆசைப்பட்டால், நூலகர் அந்தப் பக்கத்தை மட்டும் ஃபோட்டோஸ்டேட் எடுத்துக் கொடுப்பார். கிறுக்கல் நகலோடு போய்விடும், மூலம் சுத்தமாக இருக்கும். கர்னலும் இப்படித்தான் நினைவகத்தை மிச்சப்படுத்துகிறது.

இப்போது ஒரு திருடனும் அவன் கூட்டாளியும் வருகிறார்கள். திருடன் ‘எழுதணும்’ என்கிறான். நூலகர் நகலெடுத்து மேசையில் வைத்துவிட்டு, ‘எழுதும் விஷயம் முடிந்தது’ என்று மனதில் குறித்துக்கொள்கிறார். அவர் திரும்புவதற்குள் கூட்டாளி அந்த நகலைக் குப்பையில் போடுகிறான். மேசையில் பக்கத்தைக் காணோம். நூலகர், ‘எழுதுவதற்கான ஏற்பாடுதான் ஆகிவிட்டதே, பக்கத்தை மட்டும் கொடுத்தால் போதும்’ என்று மூலத்தையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். திருடன் கையில் ஏற்கெனவே பேனா இருக்கிறது.

கணினியில் இது கண்ணிமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான முறை முயன்று பார்க்கக்கூடிய ஆட்டம். ஒரு தடவை நேரம் கூடினால் போதும். சாதாரணப் பயனர் ஒருவர், தான் படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பில் எழுதிவிடலாம். அது பயனர் கணக்குகள் பதிவாகியிருக்கும் கோப்பு என்றால் அவரே அந்தக் கணினிக்கு முதலாளி.

2005 ஆகஸ்டில் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு திருத்தம் போட்டார். மூலத்தைக் கொடுப்பதற்கு முன், பக்கம் உண்மையிலேயே அழுக்கானதா என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் எஸ்390 என்ற ஐபிஎம் பெருங்கணினி வகையில் அந்த அழுக்குக் குறி வழக்கமான பக்க அட்டவணையில் இருக்காது, வேறொரு இடத்தில் இருக்கும். கர்னல் தேடும் இடத்தில் குறி இல்லாததால், பார்த்துக்கொண்டே இருக்கும் நிலை வந்தது. அதனால் அதே மாதத்தில் அந்தத் திருத்தம் எடுக்கப்பட்டது. அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். அந்த இரண்டு செயலும் ஒரே நொடித்துளியில் மோதிக்கொள்ளும் வாய்ப்பு அப்போது வெறும் ஏட்டளவில் இருந்தது. ஏட்டில் இருக்கும் ஆபத்துக்காக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை யார் நிறுத்துவார்கள்?

பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, 2013இல் வெளிவந்த 3.9 பதிப்பில் எஸ்390இன் அழுக்குக் குறிச் சிக்கல் தீர்க்கப்பட்டது. அதாவது, திருத்தத்தை நீக்கியதற்கான காரணமே இல்லாமல் போனது. ஆனால் யாரும் திரும்பிப்போய் அதை மறுபடி சேர்க்கவில்லை. காரணம் செத்துவிட்டது, அதனால் எடுத்த முடிவு மட்டும் உயிரோடு இருந்தது. இரண்டாவது, கணினிகள் மாறின. பல மையச் செயலிகள் சாதாரணமாகி, கர்னலும் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யப் பழகியபோது, ஏட்டில் இருந்த மோதல் நிஜத்தில் எளிதாகிவிட்டது. நிரலில் அந்த இடத்தை யாரும் கெடுக்கவில்லை. சுற்றியிருந்த உலகம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாம் வரலாறு வாசிக்கும்போதும் இதைப் பார்க்கிறோம். ஒரு நெருக்கடியில் போட்ட தற்காலிக விதி, நெருக்கடி போன பிறகும் நிற்கும். ஏன் வந்தது என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

2007இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே லினக்ஸ் இந்தத் தாக்குதலுக்கு ஆளாகக்கூடிய நிலையில் இருந்தது. கண்டுபிடித்தவர் ஃபில் ஓஸ்டர். அவர் கர்னல் நிரலைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. தன் சர்வர்களுக்கு வரும் இணையப் போக்குவரத்தை முழுதாகப் பதிவு செய்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பதிவில்தான் தாக்குதல் நிரல் சிக்கியது. யோசித்துப் பாருங்கள், திருத்துகிறவர்களுக்குத் தெரியவருவதற்கு முன்பே யாரோ இதைப் பயன்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏட்டளவு ஆபத்து என்று கருதியதை மறுபக்கத்தில் ஒருவர் பொறுமையாகச் செய்துபார்த்துவிட்டார்.

திருத்தம் வந்ததோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. அடுத்த வருடமே, 2017 செப்டம்பரில், இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் ‘ஸ்னியூ’ என்ற ஆண்ட்ராய்டுத் தீநிரலை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளிப்படுத்தியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். ஆண்ட்ராய்டுக்கான திருத்தம் 2016 முடிவதற்குள்ளேயே வந்திருந்தது. ஆனால் அது கூகுளிடமிருந்து கைப்பேசித் தயாரிப்பாளருக்குப் போய், அவர் மனது வைத்து, பயனரின் கைக்கு வர வேண்டும். மலிவான கைப்பேசி வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசிப் படி பல நேரம் நடப்பதே இல்லை.

அதே 2017 நவம்பரில் இன்னொரு செய்தி. 2016 திருத்தத்திலேயே ஒரு ஓட்டை. அந்தத் திருத்தம், ‘நகலெடுத்தாயிற்று’ என்று சொல்ல ஒரு தனிக் குறியைப் புதிதாகச் சேர்த்தது. அந்தக் குறி உண்மைதானா என்று பார்க்க அழுக்குக் குறியைச் சாட்சிக்குக் கூப்பிட்டது. பக்கம் அழுக்காக இருந்தால் அது நகலாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் பெரிய அளவுப் பக்கங்களைக் கையாளும் பகுதியில், எழுதாமல் சும்மா தொட்டாலே அழுக்கு என்று குறிக்கும் ஒரு வழி இருந்தது. சாட்சி பொய் சொல்லக்கூடிய இடம். பைண்டெசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். இந்த முறை சேதத்தின் எல்லை சிறியது. அதுவும் அடைக்கப்பட்டது.

2022இல் மறுபடியும். 5.16 பதிப்பில் வேறு ஏதோ வேலைக்காக வந்த ஒரு மாற்றம், பகிர்வு நினைவகத்தின் சில பக்கங்களுக்கு நிபந்தனையே இல்லாமல் அழுக்குக் குறி போட்டது. அந்தக் குறியை நம்பி இன்னொரு இடத்தில் ஒரு பூட்டு தொங்குவது அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் கண்ணில் படவில்லை. அழுக்கு மாடு பகிர்வு நினைவகத்துக்கு மட்டும் திரும்பி வந்தது. அந்த ஆகஸ்டில் டேவிட் ஹில்டன்பிராண்ட் அதைச் சரிசெய்தார். அவர் மற்றொரு ஒட்டுப் போடவில்லை. 2016இல் சேர்த்த அந்தத் தனிக் குறியையே நீக்கிவிட்டு, இந்தப் பக்கம் இந்த நிரலுக்கு மட்டுமே சொந்தமா என்று நேராகக் கேட்கும்படி மாற்றினார். பதினேழு வருடமாகக் கர்னல் சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய கேள்வியை இப்போதுதான் நேரடியாகக் கேட்டது.

இந்த வரலாற்றை நான் இவ்வளவு சொல்ல முடிவதற்குக் காரணம் ‘கிட்’. நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு சேர்த்து வைக்கும் கருவி அது. டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியது 2005 ஏப்ரலில். அந்த முதல் திருத்தமும் நீக்கமும் நான்கே மாதம் கழித்து நடந்தவை. அதனால்தான் 2016இல் அவரால் அந்த இரண்டு மாற்றங்களையும் அடையாள எண்ணோடு சுட்டி, எங்கே தவறினோம் என்று எழுத முடிந்தது.

வேலையிடங்களில் இந்தக் குறிப்புகளை நாம் அலட்சியமாகத்தான் எழுதுகிறோம். ‘பிழை திருத்தப்பட்டது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவோம். 2005 நீக்கத்துக்குக் காரணம் எஸ்390 என்று பதிவாகாமல் போயிருந்தால், 2016இல் திருத்த வந்தவருக்கு அது ஏன் நீக்கப்பட்டது என்பதே புதிராக இருந்திருக்கும். ஆனால் குறிப்பு இருந்தும் 2013இல் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை. எழுதி வைப்பது பாதி வேலை. காரணம் மாறும்போது போய்ப் படிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அதற்கான நேரமும் சம்பளமும் வேண்டும்.