வீட்டு வரி ரசீது யாருக்கு வேணும்?

போன எபிசோட்ல பாலாற்றுத் தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தோம். இன்னைக்கும் அதே பகுதிதான்: வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை. விஷயம் மட்டும் வேற. வீட்டு வரி.

ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. சென்னையில வாடகைக்கு இருக்கிற உங்களுக்கு வீட்டு வரின்னா, ஓனர் வாடகையை ஏத்தும்போது சொல்ற ஒரு காரணம். அவ்வளவுதான். ஆனா புறம்போக்குல ஒரு ஓட்டு வீடு போட்டு இருபது வருஷமா இருக்கிற குடும்பத்துக்கு அது கேட்டு வாங்க வேண்டிய ஒரு காகிதம். "எங்களுக்கும் வரி போடுங்க"ன்னு மனு எழுதிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைவாங்க. வரி கட்ட யாராவது ஆசைப்படுவாங்களா? அது ஏன்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும்.

வீட்டுக்கு வரி போடுறது நம்ம ஊர்ல புதுசு இல்லை. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள்லயே 'வாசல் பணம்'னு ஒரு வரி உண்டு. ஆனா இன்னைக்கு நாம கட்டுற வரிக்கு நேர் மூதாதை, 1865-ல் சென்னை மாகாணத்தில் வந்த நகர மேம்பாட்டுச் சட்டம். அடுத்த வருஷமே, 1866-ல், வேலூர் நகராட்சி ஆனது. பேர்தான் மேம்பாடு. அந்த வரியில் பெரும் பங்கு ஊர்க்காவல் போலீஸ் செலவுக்கே போச்சு. ரோடு, விளக்கு, சாக்கடை எல்லாம் மிச்சத்துல.

பிறகு 1884-ல் ஒரு சட்டம், 1920-ல் இன்னொன்று. அந்த 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டம் சாதாரண ஆள் இல்லை. 2023-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை நூறு வருஷத்துக்கும் மேல நம்ம நகராட்சிகளை அதுதான் ஆண்டது. அதுல வரிக்கு அடிப்படை, அந்த வீட்டை வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு என்ன கிடைக்கும்ங்கிற கணக்கு. நீங்களே குடியிருந்தாலும் இதே கணக்குதான். இதுல ஒரு சிக்கல். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைப் பிடிச்சு வெச்சிருந்தது. 1970-ல் குண்டூர் நகராட்சி வழக்கில், நியாய வாடகைக்கு மேல கணக்குப் போட்டு வரி விதிக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வாடகைதாரருக்கு அந்தச் சட்டம் ஒரு பாதுகாப்பு, நகராட்சிக்கு வருமானத்துல ஒரு பூட்டு.

அப்புறம் அந்த வாடகை மதிப்பையே சதுர அடிக் கணக்குல போட ஆரம்பிச்சாங்க. 1998-ல் பொதுச் சீராய்வு, 2008-ல் இன்னொன்று. 2018 ஜூலையில குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை ஏத்தினாங்க. 2019 நவம்பர்ல நிறுத்தி வெச்சு, கூடுதலா கட்டினதைக் கழிச்சுக்கறோம்னு சொன்னாங்க. 2016 முதல் 2022 வரைக்கும் நகராட்சிகள்ல தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலே கிடையாதுங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. ஏப்ரல் 1 அன்று வரி உயர்வு அறிவிப்பு வந்தது. ஓட்டுப் போட்ட விரல்ல மை கூட முழுசா அழிஞ்சிருக்காது.

அந்த 2022 கணக்கு ஒரு வகையில நியாயமானது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதுக்கு மேல 100 சதவீதம் உயர்வு. அரை வருஷத்துக்கு 400 ரூபாய் கட்டின சின்ன வீடு 500 கட்டணும். சின்ன வீட்டுக்குக் கம்மிச் சுமைங்கிற யோசனை சரிதான். ஆனா அது வீட்டோட அளவைத்தான் பார்க்குது. உள்ளே இருக்கிறது ஓனரா, வாடகைக்காரரா, காலடி மண்ணு யார் பேர்ல இருக்குங்கிறதை அது கேக்கிறதில்லை.

இந்தப் பகுதியில அந்த மண்ணுதான் முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இங்கே தோல் பதனிடுதல் வளர்ந்தது. வியாபாரம் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் கையில். ஊறப்போட்டு, சுரண்டி, பதப்படுத்தும் வேலை பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள் கையில். தண்ணி வேணும், நாத்தம் ஊருக்குள்ள வரக்கூடாது. அதனால வேலை ஆத்தோரத்துக்கும் ஊர் ஓரத்துக்கும் போச்சு. வேலை செய்றவங்க குடிசையும் கூடவே போச்சு. அப்படிப்பட்ட ஓரத்துல நிறைய இடம் புறம்போக்கு.

புறம்போக்குல இருக்கிறவங்களுக்குன்னே 1905-ல் ஒரு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கு. அரசு நிலத்தில் குடியிருந்தா தீர்வை கட்டணும், மேல அபராதமும் விதிக்கலாம், வெளியேத்தவும் செய்யலாம். அந்த நோட்டீஸை மக்கள் 'பி மெமோ'ன்னு சொல்வாங்க. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடிச்ச இடம் இதுதான். ஆக்கிரமிச்சதுக்குப் போட்ட அபராதச் சீட்டை ஜனங்க பத்திரமா டிரங்குப் பெட்டியில வெச்சிருப்பாங்க. ஏன்னா "இத்தனை வருஷமா நாங்க இங்கதான் இருக்கோம்"னு அரசாங்கமே எழுதிக் கொடுத்த சாட்சி அது. பட்டா கேக்கப் போறப்ப அதைத்தான் முதல்ல நீட்டுவாங்க.

வீட்டு வரி ரசீதும் அப்படித்தான். கரண்ட் கனெக்‌ஷனுக்கு, குடிதண்ணி இணைப்புக்கு, முகவரிக்கு எல்லாத்துக்கும் அது உதவும். ஆனா வரி கட்டிட்டா மட்டும் நிலத்துல உரிமை வந்துடாதுன்னு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. அதாவது, வரி வாங்கும்போது அது வீடு. இடிக்கும்போது அது ஆக்கிரமிப்பு.

சரி, அரசு உதவி? 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. முதல்ல அதோட பார்வை சென்னை மேலதான். 2015-ல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வந்தப்போ, நகரத்துல சொந்தமா கட்டிக்கிறவங்களுக்கு மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், ஆக 2.10 லட்ச ரூபாய். முக்கியமான ஒரு நிபந்தனை, மனை உங்க பேர்ல இருக்கணும். புறம்போக்குக் குடும்பம் அங்கேயே வெளியே நின்னுடுச்சு. வாடகைக்காரர் வரிசைக்கே வரலை.

இப்ப கிராமத்தைப் பாருங்க. 2024-ல் தொடங்கின கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். அது ஊரகப் பகுதிக்கு மட்டும். இது ஆம்பூருக்கு ஏன் முக்கியம்னா, 1970-களில் மத்திய அரசு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினதும், இந்தப் பகுதி மெல்ல மெல்ல ஷூ கம்பெனிகளுக்கு மாறிச்சு. ஷூ கம்பெனிக்குள்ள பெரும்பாலும் பெண்கள். அவங்க எங்கே தங்குறாங்க? பலர் சொந்த கிராமத்துலயே. காலையில கம்பெனி பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போகும், சாயங்காலம் இறக்கி விடும்.

இது தற்செயல் இல்லை. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தேயிலைத் தோட்ட முதலாளி தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டியிருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் கேன்டீன் கேட்டுச்சு, குழந்தைகள் காப்பகம் கேட்டுச்சு, வீடு கேக்கலை. அதனால கம்பெனி பஸ் விட்டுச்சு, வீட்டை கிராமமும் அரசும் பார்த்துக்கிச்சு. தொகுப்பு வீடுகள்லேர்ந்து கனவு இல்லம் வரைக்கும் கிராமத்துக்குப் போன வீட்டு மானியத்துல ஒரு பங்கு, ஷூ கம்பெனி கொடுக்காம மிச்சப்படுத்தின கூலின்னுதான் நான் பார்க்கறேன். நீங்க மறுக்கலாம். மறுக்கிறவங்க கிராமத்துல வீடு இல்லாத பெண் அந்தச் சம்பளத்துல ஆம்பூர் டவுன்ல வாடகை கொடுக்க முடியுமான்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

நேர் எதிர் உதாரணமும் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்ல அரசு திறந்த விடுதியில 18,720 பேர் தங்கலாம். செல்போன் தொழிற்சாலைப் பெண்களுக்காகக் கட்டினது. உலகத்துக்கே ஷூ தைக்கிற பெண்களுக்கும் அந்த யோசனை ஒருநாள் வரலாம். ஆனா அது படுக்கைதான், வீடு இல்லை. குழந்தையோட போய் இருக்க முடியாது.

இப்போ புரியும், 2025 தொடக்கத்துல பக்கத்து ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சியோட சேர்க்கிறோம்னு அரசு அறிவிச்சதும் தமிழ்நாடு முழுக்க ஏன் அத்தனை போராட்டம்னு. சேர்ந்தா வரி ஏறும், நூறு நாள் வேலை போகும், ஊரகத் திட்ட வீடும் போகும். வேலூர் மாநகராட்சி 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு எல்லாத்தையும் சேர்த்து 60 வார்டு ஆனது. அங்கே புறம்போக்குல இருக்கிறவர் நகராட்சி ரசீதுக்கு மனுப் போடுவார். ஊராட்சியில பட்டாவோட இருக்கிறவர் நகராட்சியே வேண்டாம்னு மறியல் பண்ணுவார்.

கடைசியா ஒரு வேலை கொடுக்கறேன். உங்க ஓனர் "வரி ஏறிடுச்சு"ன்னு சொன்னா, ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்க. 2022-ல் பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில 600 சதுர அடி வரைக்கும் உயர்வு 50 சதவீதம், மத்த ஊர்கள்ல 25. ரூபாய்க் கணக்குல எவ்வளவு ஏறிச்சு, வாடகை எவ்வளவு ஏறிச்சு, ரெண்டையும் எழுதி எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஊர் வாரியா படிக்கிறேன்.