ரிப்ளி சாலையின் கதை

வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே மாணவர்களாகிய உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் ஒரு சாலைக்கும் வரலாறு உண்டு. அதன்மீது யார் சென்றார்கள், யாரை அது வரவேற்றது, யாரைத் தள்ளி வைத்தது என்று கேட்டுப் பார்த்தால், ஒரு சமுதாயத்தின் கதையே அதில் அடங்கியிருக்கக் காணலாம். அத்தகைய சாலை ஒன்றைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தில், லண்டன் மாநகருக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் ரிப்ளி என்றொரு சிற்றூர் இருக்கிறது. நான் அந்நாட்டில் தங்கியிருந்தபோது, நண்பர் ஒருவரிடம் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் நகரிலிருந்து ஒரு நாள் காலையில் ரிப்ளிக்குப் புறப்பட்டேன். ஈஷர், காபம் ஆகிய ஊர்களைக் கடந்து, மோல் என்னும் சிற்றாற்றைத் தாண்டி, பொட்டல்களும் மரச்சோலைகளும் சூழ்ந்த நாட்டுப்புறத்தின் வழியே சென்றேன். ஊரை அடைந்ததும், பரந்த பசும்புல் வெளியும், தெருவோரத்தில் பழைய விடுதிகளும் என் கண்ணில் பட்டன. இவ்வளவு சிறிய ஊருக்கு இத்தனை பெரிய விடுதிகள் எதற்கு? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் இந்த வரலாறு எனக்குப் புலனாயிற்று.

லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் கடற்படைத் துறைமுகத்துக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் ரிப்ளி இருக்கிறது. குதிரைகள் பூட்டிய பயண வண்டிகள் ஓடிய காலத்தில், குதிரை மாற்றவும் பயணிகள் உணவருந்தவும் இத்தகைய ஊர்கள் பயன்பட்டன. 1838ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வந்த இருப்புப்பாதை அருகிலுள்ள வோக்கிங்கை எட்டியது. 1859இல் போர்ட்ஸ்மவுத்துக்கு நேர்வழி இரயில் பாதையும் திறக்கப்பட்டது. பயண வண்டிகள் மறைந்தன, இலாயங்கள் வெறுமையாயின. நாடெங்கும் இதுவே நிலை. சுங்கம் வாங்கிச் சாலைகளைப் பேணிவந்த அறநிலை அமைப்புகள் வருவாயின்றி நலிந்து ஒவ்வொன்றாகக் கலைந்தன. அவற்றுள் கடைசி அமைப்பும் 1895இல் முடிவுற்றது. சாலைகளில் ஆளரவம் அடங்கியது.

அந்த அமைதியைக் கலைத்தது சைக்கிள். 1870ஆம் ஆண்டுகளில், முன்சக்கரம் ஆள் உயரத்தை நெருங்கவும், பின்சக்கரம் மிகச் சிறியதாகவும் அமைந்த வண்டிகள் வழங்கின. ஒரு கல் தடுக்கினாலும் ஏறிச் சென்றவர் தலைகுப்புற விழ வேண்டியதுதான். எனினும் இளைஞர்கள் அஞ்சவில்லை. 1878இல் சைக்கிள் பயணிகளுக்கென ஒரு சங்கம் ஹாரகேட் நகரில் தோன்றியது. 1883இல் அது ‘சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை நாட்டுவதும், விடுதிக்காரர்களோடு பேசி உறுப்பினர்களுக்கு நியாயமான கட்டணத்தில் உணவும் படுக்கையும் கிடைக்கச் செய்வதும் அதன் பணிகளாயின. அச்சங்கம் ஏற்ற விடுதிகளில், சிறகு முளைத்த சக்கரம் ஒன்று சின்னமாகப் பொருத்தப்பட்டது. பழைய கட்டடங்கள் சிலவற்றின் சுவர்களில் அச்சின்னத்தை இன்றும் காணலாம்.

லண்டன் இளைஞர்களுக்கு உவப்பான சாலையாக ரிப்ளி சாலை விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூட்டங்கூட்டமாக அங்கு வந்து குவிந்தனர். டிபிள் குடும்பத்தார் நடத்திய ‘ஆங்கர்’ விடுதி அவர்களுடைய புகலிடம். குதிரைகள் போனதால் வாடிய ஊர், சைக்கிள்களால் மீண்டும் தளிர்த்தது.

1885இல் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாய், பின்சக்கரத்தைச் சங்கிலி இயக்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888இல் பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து வெற்றி கண்டார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே அந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் காலம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இவ்விரு மாற்றங்களாலும் சைக்கிள், துணிச்சல்காரரின் விளையாட்டு என்ற நிலை மாறி, எழுத்தரும் கடைச் சிப்பந்தியும் ஏறக்கூடிய வாகனமாயிற்று. எச். ஜி. வெல்ஸ் 1896இல் எழுதிய ‘தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்’ என்னும் நாவலின் நாயகன் ஒரு துணிக்கடைச் சிப்பந்தியே. தன் விடுமுறையில் சைக்கிளேறி அவன் செல்லும் வழியில் ரிப்ளியும் வருகிறது.

பெண்களுக்கும் சைக்கிள் ஒரு விடுதலையைத் தந்தது. ஆனால் தரையைப் பெருக்கும் நீண்ட பாவாடையோடு சைக்கிளில் செல்வது இடர் மிகுந்தது. எனவே, அகன்ற காற்சட்டை போன்ற உடையைச் சிலர் மேற்கொண்டனர். பெண்களுக்கு ஏற்ற எளிய உடை வேண்டும் என்று இயக்கம் நடத்திய ஹார்பர்ட்டன் சீமாட்டி, 1898 அக்டோபரில் அத்தகைய உடையணிந்து, ரிப்ளிக்கு அருகிலுள்ள ஆக்கம் என்னும் ஊரின் விடுதிக்குச் சென்று பகலுணவு கேட்டார். விடுதித் தலைவியோ, அந்த உடையோடு உணவுக்கூடத்தில் நுழைய இடம் தரவில்லை. மதுக்கடையை ஒட்டிய அறையில் வேண்டுமானால் அமரலாம் என்றார். சீமாட்டி மறுத்து வெளியேறினார்.

சைக்கிள் சங்கம் இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. அதன் உறுப்பினர் தொகை 60,000க்கு மேல் உயர்ந்திருந்த காலம் அது. 1899இல் வழக்கு நடந்தது. உணவு முற்றிலும் மறுக்கப்படவில்லை, வேறோர் அறை அளிக்க முன்வந்தனர் என்ற வாதத்தை நடுவர் குழு ஏற்றது. விடுதித் தலைவி விடுதலையானார். சங்கம் தோற்றது. நண்பர்களே, வழக்கில் தோற்றவர் வரலாற்றிலும் தோற்றார் என்று எண்ணிவிடலாகாது. அந்த உடைக்காக இன்று அங்கே எந்த விடுதியும் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பாது.

இனி, இக்கதையின் துயரமான பகுதிக்கு வருகிறேன். குண்டும் குழியுமான சாலைகளைச் சீர்திருத்த வேண்டுமென்று 1886இல் சாலை மேம்பாட்டுக் கழகத்தை நிறுவியவர்கள் சைக்கிள்காரர்களே. அக்கழகத்தின் செயலாளராக 1901இல் பொறுப்பேற்ற ரீஸ் ஜெஃப்ரீஸ் என்பவரும் சைக்கிள் ஆர்வலர். அவரே 1910இல் அரசின் சாலை வாரியத்துக்குச் செயலாளரானார். சாலைகள் செம்மையாயின. ஆனால் அதற்குள் மோட்டார் வண்டி வந்துவிட்டது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார்களின் வேக வரம்பை மணிக்கு 14 மைலாக உயர்த்தியது. பின்னர் அவை பெருகிக்கொண்டே சென்றன. நாற்று நட்டவர் ஒருவர், அறுவடை செய்தவர் வேறொருவர் என்றாயிற்று. புழுதியும் இரைச்சலும் விபத்தும் மிகுந்தபோது, தாம் திருத்திய நெடுஞ்சாலையை விட்டு, வேலி சூழ்ந்த கிளைச் சாலைகளைச் சைக்கிள்காரர்கள் நாட வேண்டியதாயிற்று. பிரிட்டனில் சைக்கிள் பயணம் 1949இல் உச்சத்தை எட்டியது. அதன்பின் விரைந்து சரிந்தது.

மோட்டார் வண்டியின் பெருக்கம் இரயிலையும் விடவில்லை. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து கிளைப் பாதைகள் பல மூடப்பட்டன. பாத் நகருக்குச் சென்ற பழைய பாதை ஒன்றில் 1966இல் பயணிகள் இரயில் நின்றது. 1977இல் பிரிஸ்டலில் கூடிய ஆர்வலர் சிலர், பின்னாளில் சஸ்டிரான்ஸ் என்று பெயர்பெற்ற இயக்கத்தைத் தொடங்கினர். 1979 முதல் 1986 வரை, தொண்டர்களின் உழைப்போடு, தண்டவாளம் அகற்றப்பட்ட அப்பாதையைப் பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் இடையே 13 மைல் நீளச் சைக்கிள் பாதையாக மாற்றினர். 1995இல் அரசுப் பரிசுச்சீட்டு நிதியிலிருந்து இவ்வியக்கத்துக்குப் பெருந்தொகை கிடைத்தது. நாடு தழுவிய சைக்கிள் வழிகள் உருவாயின.

அந்தப் பாதையிலும் நான் சென்றிருக்கிறேன். கைவிடப்பட்ட நிலைய மேடையைக் கடந்து, நீண்ட சுரங்கத்தின் குளிர்ந்த இருளுள் புகுந்து வெளிப்பட்டேன். எதிரே பள்ளிச் சிறுமியர் இருவர் மணியடித்துக்கொண்டு சென்றனர். குதிரை வண்டியை இரயில் வென்றது. சைக்கிள்காரரை நெடுஞ்சாலையிலிருந்து மோட்டார் விரட்டியது. இரயிலையும் அதுவே வீழ்த்தியது. அந்த இரயில் விட்டுச்சென்ற வழியில் இப்போது சைக்கிள் ஓடுகிறது. சாலையை எவரும் நமக்காக ஒதுக்கி வைப்பதில்லை. அதை விரும்பி, கேட்டு, கையால் உழைத்து அமைப்பவர்களுக்கே அது கிடைக்கிறது. இதனை எனக்கு உணர்த்தியவை ரிப்ளி சாலையும் பிரிஸ்டல் பாதையுமே.